சீனத்து ஹோட்டலில் ரசீது கேட்ட கதை

பிரெஞ்சுக்காரர்கள் உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் 'லாதிசியோன்' கேட்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கூட்டல் என்று பொருள். கடையில் பொருள் வாங்கினால் கொடுப்பது 'ஃபக்துய்ர்', பணம் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் 'ரெசு', கடன் தீர்ந்தது என்று எழுதிக் கொடுப்பது 'கித்தான்ஸ்'. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இந்த நான்கையும் பிரித்துச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் எழுதினால் மதிப்பெண்ணைக் கறாராகக் குறைப்பார். பிறகு அரசாங்க வேலைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் வவுச்சர்களோடு வாழ்ந்தவன் நான். அதனால் ரசீது என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காது நீளும்.

சீனாவில் இந்த வேறுபாடு நம்மைவிடக் கடுமையானது என்பதை 2009இல் பெய்ஜிங்கில் இரண்டு மாதம் இருந்தபோது தெரிந்துகொண்டேன். மகள் குடும்பம் அப்போது அங்கே இருந்தது. அங்கே ஹோட்டலில் மூன்று விதமான காகிதம் உண்டு. என்னென்ன சாப்பிட்டோம் என்று மெஷினிலிருந்து வரும் சின்னச் சீட்டு ஒன்று. பணம் பெற்றுக்கொண்டோம் என்று கையால் எழுதித் தரும் 'ஷௌஜூ' ஒன்று. இவை இரண்டும் எந்த அலுவலகத்திலும் செல்லாது. செல்லுவது மூன்றாவதான 'ஃபாபியாவ்' மட்டும்தான். 'ஃபா' என்றால் வழங்குவது, 'பியாவ்' என்றால் சீட்டு. வரி அலுவலகத்தின் மேற்பார்வையில் அச்சாகி, அதன் முத்திரையோடு, வரிசை எண்ணோடு வருவது. கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது. வரி அலுவலகத்துக்குப் போய்க் கட்டுக் கட்டாக வாங்கி வர வேண்டும். நம் கருவூலத்தில் முத்திரைத்தாள் வாங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் முத்திரை ஒட்டி வரி வாங்குவது சீனர்கள் கண்டுபிடித்ததல்ல. 1624இல் ஹாலந்துக்காரர்கள் ஆரம்பித்தது அது. பிரான்சில் 1871ஆம் ஆண்டுச் சட்டம் ரசீதுகளுக்கு 10 சாந்தீம் முத்திரை ஒட்டச் சொன்னது. பிரஷியாவிடம் போரில் தோற்று, 500 கோடி பிராங்க் தண்டம் கட்ட வேண்டியிருந்த நேரம். சீனாவில் மன்னராட்சி முடிந்து குடியரசு வந்த 1912இலேயே முத்திரைத் தீர்வைச் சட்டம் போட்டுவிட்டார்கள். நம் ஊரில் சம்பளப் பட்டியலில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டோமே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

ஆனால் ஹோட்டல் ரசீதின் கதை சீனாவில் வேறு பாதையில் போனது. மாவோ காலத்தில் ஹோட்டல்கள் அரசுடையவை அல்லது கூட்டுறவு. வாடிக்கையாளர்தான் அங்கே சீட்டுக் கொடுக்க வேண்டும். 1955 முதல் தானியக் கூப்பன் முறை இருந்தது. அதற்கு 'லியாங்பியாவ்' என்று பெயர். பணம் மட்டும் கொடுத்தால் சோறோ நூடுல்ஸோ கிடைக்காது, கூப்பனும் கூடவே கொடுக்க வேண்டும். 1980 செப்டம்பர் 30ஆம் தேதி பெய்ஜிங்கின் ஒரு சந்தில் யுவேபின் என்ற சிறு உணவகம் திறக்கப்பட்டது. தலைநகரில் முதன்முதலாகத் தனியார் நடத்திய உணவகம் என்று அதைச் சொல்கிறார்கள். பிறகு பத்தே வருடத்தில் தெருவுக்குத் தெரு தனியார் கடைகள். 1993இல் தானியக் கூப்பன் ஒழிந்தது. அதே 1993 டிசம்பர் 23ஆம் தேதி ஃபாபியாவ் நிர்வாக விதிகள் வெளிவந்தன. சாப்பிட வந்தவர் கடைக்காரருக்குப் 'பியாவ்' கொடுத்த காலம் முடிந்த அதே வருடத்தில், கடைக்காரர் சாப்பிட்டவருக்குப் 'பியாவ்' கொடுக்க வேண்டும் என்ற கட்டளை கெட்டியானது. இதை எந்தச் சீனராவது வேடிக்கையாகச் சொல்லியிருப்பாரா தெரியாது, எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம், 1994இல், அப்போது துணைப் பிரதமராக இருந்த ஜூ ரோங்ஜி வரி முறையையே மாற்றி அமைத்தார். மத்திய அரசுக்கு ஒரு வரி அலுவலகம், உள்ளூர் அரசுகளுக்கு ஒரு வரி அலுவலகம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பொருள் உற்பத்திக்கும் விற்பனைக்கும் மதிப்புக்கூட்டு வரி. ஹோட்டல் போன்ற சேவைகளுக்கு 'வணிக வரி', அது மொத்த வசூலில் 100க்கு 5. லாபத்தில் அல்ல, வசூலில். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், மற்ற கூத்தெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சிறு ஹோட்டலில் அன்றாட வசூல் எவ்வளவு என்று வரி அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? கல்லாப் பெட்டியில் உட்கார ஆள் போட முடியாது. அதனால் சிறு கடைகளுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை மதிப்பிட்டு, அதற்கு ஏற்ற ஃபாபியாவ் கட்டுகளைக் கொடுத்தார்கள். கட்டுத் தீர்ந்து இன்னும் வேண்டும் என்று போனால், வசூல் அதிகம் என்று பொருள், வரியும் ஏறும். கடைக்காரருக்கு ஒவ்வொரு சீட்டும் காசு. கேட்காதவருக்குக் கொடுக்காமல் விட்டால் அந்த 5 சதவீதம் மிச்சம். கேட்கிறவரைக் கேட்காமல் ஆக்குவதுதான் தொழில் திறமை.

அந்தத் திறமையை நேரில் பார்த்தேன். வீட்டுக்கு அருகே சிச்சுவான் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் நடத்திய சிறிய கடை. எட்டு மேஜை இருக்கும். என் மனைவி மிளகாய் போட்ட மீனுக்கு அடிமையாகிவிட்டாள், நம்ம ஊர் வஞ்சிரக் குழம்புக்கு அடுத்தது இதுதான் என்றாள். சாப்பிட்டு எழுந்ததும் மருமகன் "ஃபாபியாவ்" என்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே "மெய்யோ" என்றாள். இல்லை என்று அர்த்தம். நாளைக்கு வாருங்கள், இன்று தீர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக இரண்டு கோக்கோ கோலா டின்னை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"விடுங்க மாப்பிள்ளை, பாவம், சின்னக் கடை" என்றாள் என் மனைவி.

"அத்தை, நமக்கு கோக் வேண்டாம், சீட்டுதான் வேணும். சீட்டு இல்லேன்னா இந்தச் சாப்பாட்டுக்கு நான் வருமான வரி கட்டணும்."

இதை நான் முதலில் நம்பவில்லை. பிறகு விளக்கினார். வெளிநாட்டு ஊழியருக்கு நிறுவனம் தரும் வீட்டு வாடகை, சாப்பாட்டுச் செலவு, வருடாந்திர ஊர்ப் பயணம், பிள்ளைகள் படிப்பு இவற்றுக்கு அங்கே வரிவிலக்கு உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஃபாபியாவ் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது சம்பளமாகக் கணக்காகும். சீனர்களுக்கும் வேறு வகையில் இதே தேவை. வேலை விஷயமாக யாரை அழைத்துப் போய்ச் சாப்பிட வைத்தாலும் நிறுவனத்தின் பெயர் எழுதிய ஃபாபியாவ் இல்லாமல் கணக்குப் பிரிவில் பணம் பெயராது. நம்ம ஆபீஸில் பயணப்படி பில் போடுகிறவர்கள் பஸ் டிக்கெட்டைப் பத்திரப்படுத்துவது மாதிரி, அங்கே எல்லார் பர்ஸிலும் ஒரு கற்றைச் சீட்டு இருக்கும். டாக்சி மீட்டரே ஃபாபியாவ் அச்சடித்துத் தரும்.

மருமகன் அசையாமல் நின்றார். கடைசியில் கணவன் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பூட்டிய மேஜை அறையைத் திறந்து, ரூபாய்க் கட்டு மாதிரி இருந்த சீட்டுக் கட்டுகளை எடுத்தார். பில் 168 யுவான். ஒரு 100, ஒரு 50, ஒரு 10, ஒரு 5 என்று கிழித்துக் கொடுத்தார். தொகை முன்னமே அச்சிட்ட சீட்டுகள் அவை. மீதி 3 யுவானுக்குச் சீட்டு இல்லை என்று கையை விரித்தார். கணக்குப் பிரிவில் இருந்திருந்தால் நான் ஒரு அப்ஜெக்ஷன் எழுதியிருப்பேன்.

என் மனைவி வீடு திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. அந்த அம்மாளின் முகம் வாடியது அவளுக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் அந்தக் கடைக்காரர் மேல் இரக்கம் இருந்தது. பெரிய ஹோட்டல்கள் கணக்கர் வைத்துச் செய்வதை அவர் மேஜை அறையில் பூட்டு வைத்துச் செய்தார், அவ்வளவுதான். ஆனால் மருமகன் பக்கம்தான் நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். 168 யுவானுக்குள் வரியும் அடக்கம்தானே? சாப்பிட்டவன் கொடுத்தது அது. சீட்டு வாங்காமல் வந்தால் அது அரசாங்கத்துக்கும் போகாது, நமக்கும் திரும்பாது. இரண்டு டின் கோக்கோ கோலாவுக்காக அதை விட்டுக்கொடுப்பதா? இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு கட்சி உண்டு.

அந்தச் சீட்டுகளில் இன்னொரு சங்கதி இருந்தது. ஓரத்தில் ஒரு சாம்பல் நிறப் பட்டை, நாணயத்தால் சுரண்ட வேண்டும். பரிசு விழலாம். நான்கையும் என் பேத்திதான் சுரண்டினாள். மூன்றில் 'நன்றி' என்று மட்டும் இருந்தது, ஒன்றில் 5 யுவான். சாப்பிட வருகிறவர் தானாகவே ஃபாபியாவ் கேட்க வேண்டும் என்பதற்காக 1998 வாக்கில் சில நகரங்களில் சோதனையாக ஆரம்பித்து மற்ற இடங்களுக்கும் பரப்பினார்கள். கடைக்காரரைக் கண்காணிக்க ஆள் போதவில்லை, அதனால் சாப்பிடுகிறவரையே சம்பளமில்லாத இன்ஸ்பெக்டர் ஆக்கிவிட்டார்கள், சம்பளத்துக்குப் பதில் லாட்டரி.

இந்த யோசனையின் மூலம் தைவானில் இருக்கிறது. அங்கே 1951 ஜனவரி 1 முதல் எல்லாக் கடைகளுக்கும் ஒரே மாதிரியான ஃபாபியாவ், ஒவ்வொன்றிலும் எட்டு இலக்க எண், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை குலுக்கல். தைவான் மாகாண நிதித் துறைத் தலைவராக இருந்த ரென் ஷியான்சுன் கொண்டுவந்தது. முதல் வருடமே வரி வசூல் 2.9 கோடி தைவான் டாலரிலிருந்து 5.1 கோடியாக ஏறியது. இவ்வளவு செய்தவர் பதவி போய், ஒரு பிரபல ஓபரா நடிகையை மணந்து, 1955இல் கம்யூனிஸ்ட் சந்தேக நபர் ஒருவரைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார். அவர் கொண்டுவந்த சீட்டு மட்டும் எழுபது வருடம் தாண்டி இன்றும் ஓடுகிறது. ஒற்றைப்படை மாதங்களில் 25ஆம் தேதி குலுக்கல். மேல் பரிசு 1 கோடி தைவான் டாலர். கடைசி மூன்று எண் பொருந்தினாலே 200 டாலர் உண்டு. சீட்டைச் சேர்த்து வைக்கப் பொறுமையில்லாதவர்கள் கடை வாசலில் உள்ள தர்மப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், பரிசு விழுந்தால் அந்த அறநிலையத்துக்கு.

சீனாவுக்கு வருவோம். கேட்டால் கிடைக்காத பொருளுக்குக் கள்ளச் சந்தை உண்டாவது உலக வழக்கம். பெய்ஜிங் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றால் நம் காதருகே வந்து "ஃபாபியாவ், ஃபாபியாவ்" என்று முணுமுணுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம். கேட்பவர்கள் அல்ல, விற்பவர்கள். நடைபாதைச் சுவரில் தொலைபேசி எண் ஒட்டியிருப்பார்கள். மருமகனின் செல்பேசிக்கு வாரத்துக்கு இரண்டு குறுஞ்செய்தியாவது வரும், எந்தத் தொகைக்கும் ஃபாபியாவ் எழுதித் தருகிறோம் என்று. போலிச் சீட்டும் உண்டு, அசலான சீட்டில் நடக்காத வியாபாரத்தை எழுதித் தருவதும் உண்டு. யார் வாங்கினார்கள்? சாப்பிடாத விருந்துக்குப் பணம் எடுக்க நினைத்தவர்கள். சில நிறுவனங்கள் வருமான வரியைக் குறைக்கச் சம்பளத்தில் ஒரு பகுதியையே 'சீட்டுக் கொண்டுவந்தால் தருகிறோம்' என்று வைத்திருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் நண்பர்களிடம் ஃபாபியாவ் கேட்டு அலைந்தார்கள். அதிகாரிகளின் விருந்து 'அலுவலகப் பொருள்', 'கூட்டச் செலவு' என்ற பெயரில் சீட்டாக மாறுவதும் நடந்தது.

இதைக் கேட்டபோது எனக்குப் புதிதாகப் படவில்லை. எங்கள் பக்கம் ஓர் அலுவலகத்தின் சில்லறைச் செலவு வவுச்சர்களை ஒருமுறை சரிபார்த்தேன். கூட்டங்களுக்கு டீ, பிஸ்கட் வாங்கிய பில்கள். ஒரே கடை. ஜனவரி மாதக் கூட்டத்துக்கு பில் எண் 41, பிப்ரவரிக்கு 42, மார்ச்சுக்கு 43. மூன்று மாதமாக அந்தக் கடைக்கு வேறு யாருமே டீ குடிக்க வரவில்லை போலும்! கேள்வி எழுதி அனுப்பினேன். பதில் வந்தது, அதே கையெழுத்தில் மூன்று புது பில்களோடு. எண்கள் இந்த முறை நன்றாக இடைவெளி விட்டிருந்தன.

சீன அரசு இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் போனது என்பது தெரிந்தால் திடுக்கிடும். ஹோட்டல் சீட்டுக்கு அல்ல, மதிப்புக்கூட்டு வரிக்கான தனி ஃபாபியாவைப் போலியாக எழுதி வரியைத் திரும்பப் பெற்றவர்களுக்கு 1995 முதல் மரண தண்டனை வரை சட்டத்தில் இருந்தது. ஜெஜியாங் மாகாணத்தின் ஜின்ஹுவா பகுதியில் 1990களின் நடுவில் 600 கோடி யுவானுக்கு மேல் பொய்ச் சீட்டு எழுதிய வழக்கில் தண்டனை நிறைவேற்றவும் செய்தார்கள். ஒரு ரசீதுக்கு உயிர்! 2011இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி 13 குற்றங்களுக்கு மரண தண்டனையை நீக்கியபோதுதான் இதுவும் நீங்கியது. அதே திருத்தத்தில், போலி ஃபாபியாவைப் பெருமளவில் வைத்திருப்பதே குற்றம் என்று புதிதாகச் சேர்த்தார்கள். பேனா பிடித்து வாழ்ந்தவன் என்ற முறையில் அந்த 1995 சட்டத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

2012 டிசம்பரில் ஷி ஜின்பிங் வந்ததும் அதிகாரிகளின் ஆடம்பரத்துக்கு எதிராக எட்டு விதிகள் வந்தன. அரசுப் பணத்தில் நடந்த விருந்துகள் படுத்துவிட்டன, உயர்தர ஹோட்டல்கள் பல கையைப் பிசைந்தன. 2016 மே 1 முதல் ஹோட்டல்களுக்கு அந்தப் பழைய 5 சதவீத வணிக வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்தது. சிறு கடைக்கு 3, பெரிய கடைக்கு 6. ஆனால் சாப்பாட்டு பில்லில் உள்ள வரியை வாங்கியவர் கழித்துக்கொள்ள முடியாது. நம் ஜி.எஸ்.டி.யிலும் ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். 2017 ஜூலை முதல் நிறுவனத்தின் பெயரோடு அதன் வரி எண்ணையும் சொன்னால்தான் சீட்டு. அந்த நீளமான எண்ணைக் கல்லாவில் நின்று ஒப்பிக்கப் பின்னால் வரிசை நீளும். மகள் தொலைபேசியில் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு காகிதமே போகத் தொடங்கியது. 2018 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஷென்ஜென் நகரத்தில், அழிக்கவோ திருத்தவோ முடியாத சங்கிலிப் பதிவு முறையான பிளாக்செயினில் முதல் மின்னணு ஃபாபியாவ் எழுதினார்கள். எங்கே தெரியுமா? ஒரு ஹோட்டலில்தான். வர்த்தக மையக் கோபுரத்தின் மேலே சுழலும் உணவகம். 1992 ஜனவரியில் தெற்குப் பயணத்தின்போது டெங் ஷியாவ்பிங் ஏறிப் பார்த்த அதே இடம். 2024 டிசம்பர் 1 முதல் நாடு முழுவதும் முழு மின்னணுச் சீட்டு அதிகாரபூர்வமாக வந்துவிட்டது. செல்பேசியில் கட்டத்தைக் காட்டினால் சீட்டு செல்பேசிக்கே வரும். 'தீர்ந்துவிட்டது' என்று சொல்ல இனிக் கட்டு கிடையாது. மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லலாம், அதை அவர்கள் முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிரான்சில் நேர் எதிராகப் போகிறார்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் காகிதத்தை மிச்சம் பிடிக்க, கேட்டால்தான் ரசீது அச்சடிக்க வேண்டும் என்று விதி. பாரிஸுக்கு வெளியே இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன், சொல்தா பென்ஷன் வாங்குகிறவர், கடையில் நின்று தினமும் கேட்டு வாங்குகிறாராம். பழக்கம்.

அதற்கு அடுத்த மாதமே, 2023 செப்டம்பர் 1ஆம் தேதி, தைவானின் அந்தப் பழைய யோசனை நம் வீட்டு வாசலுக்கே வந்தது. மத்திய அரசின் 'மேரா பில் மேரா அதிகார்' திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கிய இடங்கள் அசாம், குஜராத், ஹரியானா, டாமன் டையூ, தாத்ரா நாகர் ஹவேலி, அப்புறம் நம் புதுச்சேரி. ஜி.எஸ்.டி. பில்லைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது. மாதம் ஒருவர் 25 பில் வரை. மாதக் குலுக்கலில் 800 பேருக்கு 10,000 ரூபாய், 10 பேருக்கு 10 லட்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேருக்கு 1 கோடி. செயலியை என் செல்பேசியில் பேரன்தான் இறக்கிக் கொடுத்தான். மருந்துக் கடை பில், பெயின்ட் பில் என்று பதினொன்று ஏற்றினேன். எதற்கும் ஒன்றும் விழவில்லை, பெய்ஜிங்கில் விழுந்த 5 யுவானோடு என் அதிர்ஷ்டம் சரி.

கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்து நாங்கள் நான்கு பேர் வழக்கமாக உட்காரும் கடையிலும் பில் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் தம்பி நல்ல பிள்ளை, உடனே எழுதிக் கொடுத்தான். ஆனால் திட்டத்தில் சேர பில் குறைந்தது 200 ரூபாய் இருக்க வேண்டியிருந்தது, கடையும் ஜி.எஸ்.டி.யில் பதிவானதாக இருக்க வேண்டியிருந்தது. தைவானிலும் இப்படித்தான், மாத விற்பனை குறைவாக உள்ள சிறு கடைகளுக்கு அந்தச் சீட்டுக் கடமை கிடையாது. என் மனைவிக்கு இதைச் சொன்னபோது, சிச்சுவான் கடைக்காரருக்கும் அப்படி விட்டிருக்கலாமே என்றாள். நான்கு பேர் ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு காபி சாப்பிட்ட எங்கள் பில் 180 ரூபாய்தான் வந்தது. ஒரு வடை சேர்த்து வாங்கச் சொன்னார் நண்பர் ஒருவர். டாக்டர் எண்ணெய்ப் பண்டம் கூடாதென்று சொல்லியிருக்கிறார்.